எக்ஸ்பாண்டருக்கு எந்தக் கம்பி? – திருட்டு எச்சரிக்கை மணி வைத்திருப்போருக்கு ஒரு பாடம்

கடையும் வீடும் ஒரே கட்டடத்தில், கிட்டங்கி பின் தெருவில் என்று இருப்பது நம் வணிகப் பெருமக்களில் பலருக்கும் உள்ள அமைப்பு. முன்பெல்லாம் இரண்டு பூட்டும் ஒரு காவலாளியும் போதும் என்று இருந்தோம். இப்போது பலரும் திருட்டு எச்சரிக்கை மணி பொருத்திக்கொள்கிறார்கள். நல்லதுதான். ஆனால் வாங்கும்போது பேனல் எந்தக் கம்பெனி, சைரன் எவ்வளவு சத்தம், கைப்பேசிக்குத் தகவல் வருமா என்றெல்லாம் விசாரிக்கும் நாம், இவற்றையெல்லாம் இணைக்கும் கம்பியைப் பற்றி மட்டும் கேட்பதில்லை. "கம்பிதானே, எலக்ட்ரீஷியன் பார்த்துக்கொள்வார்" என்று விட்டுவிடுகிறோம்.

மணி பொருத்திய பல இடங்களில் ஒரு குறை கேட்கிறது: "நள்ளிரவில் கரண்ட் போனால் தானாக அடிக்கிறது. அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வருகிறார்கள். அதனால் ராத்திரியில் அதைப் போடுவதே இல்லை." போடாத மணி இருந்தும் ஒன்றுதான், இல்லாமலும் ஒன்றுதான். பல ஆயிரம் ரூபாய் செலவு செய்து, முடிவில் பழைய பூட்டை மட்டும் நம்பிப் படுக்கும் நிலை. இப்படிப்பட்ட தொல்லைகளில் கணிசமானவை பேனலின் குற்றமல்ல, கம்பியின் குற்றம். அதைத்தான் இந்தப் பாடத்தில் பார்க்கப் போகிறோம். மின் சாமான் கடை வைத்திருப்போருக்கு இதில் இன்னொரு பாடமும் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறோம்.

எக்ஸ்பாண்டர் என்பது என்ன?

எச்சரிக்கை மணியின் மூளை பேனல் எனப்படும் கட்டுப்பாட்டுப் பெட்டி. ஷட்டரில் வைக்கும் காந்த சுவிட்ச், ஆள் நடமாட்டத்தைக் கண்டறியும் சென்சார், புகை சென்சார் ஆகியவை தனித்தனி கம்பியில் பேனலுக்கு வருகின்றன. ஒவ்வொரு வழியையும் ஒரு 'ஜோன்' என்பார்கள். சிறிய பேனலில் 8 ஜோன் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்கும் கடைக்கும் அதுவே தீர்ந்துவிடும். கிட்டங்கிக்கு இன்னும் 8 ஜோன் வேண்டுமானால், அங்கிருந்து 8 தனிக் கம்பிகளை மாடி வரை இழுப்பது வீண் செலவு. அதற்குப் பதில் கிட்டங்கியிலேயே ஒரு சிறு பெட்டியை வைத்து, அங்குள்ள சென்சார்களை அதில் இணைத்து, அந்தப் பெட்டியிலிருந்து பேனலுக்கு நாலே நாலு கம்பி கொண்டுபோகலாம். அந்தச் சிறு பெட்டிதான் எக்ஸ்பாண்டர்.

நாலு கம்பியில் இரண்டு மின்சாரத்துக்கு: 12 வோல்ட் பிளஸ் ஒன்று, மைனஸ் ஒன்று. மற்ற இரண்டும் தகவலுக்கு. கிட்டங்கிக்கு அனுப்பிய குமாஸ்தா சரக்குக் கணக்கை ஒவ்வொன்றாகச் சொல்வதுபோல, "3ஆம் ஜோன் திறந்தது, 5ஆம் ஜோன் சரி" என்று எக்ஸ்பாண்டர் இந்த இரண்டு கம்பி வழியாகப் பேனலுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். பேச்சு நின்றால் பேனலுக்குச் சந்தேகம் வரும். "கம்பியை யாரோ அறுத்துவிட்டார்கள்" என்று எடுத்துக்கொண்டு மணியை அடிக்கும். அப்படி அடிக்க வேண்டியது அதன் கடமை. ஆனால் கம்பி சரியில்லாததால் பேச்சு நின்றாலும் அதே மணிதான் அடிக்கும். வீண் மணியின் பிறப்பிடம் இதுதான்.

கம்பிக்கு இரண்டு வேலை

ஆகவே எக்ஸ்பாண்டர் கம்பி இரண்டு பரீட்சையில் தேற வேண்டும். ஒன்று, மின்சாரத்தை அதிகம் இழக்காமல் கொண்டுசேர்க்க வேண்டும். இரண்டு, தகவலைக் கலங்காமல் கொண்டுசேர்க்க வேண்டும். முதல் வேலைக்குத் தேவை கனம். இரண்டாவது வேலைக்குத் தேவை முறுக்கு. இந்த இரண்டு சொல்லையும் நினைவில் வைத்துக்கொண்டால் பாதிப் பாடம் முடிந்தது.

முதல் பரீட்சை: கனம்

எந்தக் கம்பியிலும் மின்சாரம் போகும்போது வழியில் கொஞ்சம் வோல்ட் குறையும். கம்பி மெல்லியதாக இருந்தால் அதிகம் குறையும். நீளமாக இருந்தாலும் அதிகம் குறையும். மூட்டை தூக்கிச் செல்லும் வழியில் கொஞ்சம் அரிசி சிந்துவதுபோலத்தான். எவ்வளவு சிந்தும் என்பதை முன்கூட்டியே கணக்குப் பார்க்கலாம். கணக்கு நமக்குப் புதிதல்லவே.

வணிகர் ஒருவர் தம் மாடியில் பேனல் வைத்திருக்கிறார். கிட்டங்கி எக்ஸ்பாண்டர் வரை கம்பி போகும் வழி 60 மீட்டர் என்று கொள்வோம். அங்கே எக்ஸ்பாண்டர் 40 மில்லி ஆம்பியர் எடுக்கிறது. நடமாட்ட சென்சார் 4. ஒன்றுக்கு 15 வீதம் 60. புகை சென்சார் 2. ஒன்றுக்கு 15 வீதம் 30. வாசலில் கீபேட் ஒன்று 100. ஆக மொத்தம் 230 மில்லி ஆம்பியர், அதாவது 0.23 ஆம்பியர். (உங்கள் சாதனத்துக்கு எவ்வளவு என்பது அதனுடன் வரும் காகிதத்தில் அச்சாகியிருக்கும், அதையே எடுத்துக்கொள்ள வேண்டும்.)

சாதாரண அலாரம் கம்பி 7/0.2 என்று விற்கப்படும். 0.2 மில்லி மீட்டர் இழை 7 சேர்ந்தது என்று பொருள். பழைய மின் சாமான் வியாபாரிகள் 23/76 என்று சொல்வார்களே, அதுவும் இப்படித்தான்: 0.0076 அங்குல இழை 23. இந்த 7/0.2 கம்பியின் பரப்பு 0.22 சதுர மி.மீ. நல்ல செம்பாக இருந்தால் 100 மீட்டருக்கு ஒரு கம்பியின் தடை சுமார் 8 ஓம்.

மின்சாரம் போய்த் திரும்ப வேண்டும். எனவே 60 மீட்டர் வழிக்கு 120 மீட்டர் கம்பி என்று கணக்கிட வேண்டும். பலரும் மறப்பது இதைத்தான்.

தடை: 120 மீட்டருக்கு 9.6 ஓம்.
இழப்பு: 9.6 × 0.23 = சுமார் 2.2 வோல்ட்.

கரண்ட் இருக்கும்போது பேனல் சுமார் 13.7 வோல்ட் கொடுக்கும். 2.2 போனால் கிட்டங்கியில் 11.5 இருக்கும். எல்லாம் நன்றாக வேலை செய்யும். பொருத்தியவர் சோதித்துக் காட்டிவிட்டு, பணம் வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

ராத்திரி கரண்ட் போகிறது. இப்போது பேனல் தன் பேட்டரியில் ஓடுகிறது. பேட்டரி வற்ற வற்ற 12, 11.5 என்று இறங்கி, 10.8 வரை வருகிறது. அதில் 2.2 போனால் கிட்டங்கிக்குக் கிடைப்பது 8.6 வோல்ட். நடமாட்ட சென்சார்கள் பலவற்றில் 9 வோல்ட் முதல் 16 வோல்ட் வரை என்று அச்சிட்டிருப்பார்கள். 8.6 அதற்குக் கீழே. சென்சார் தடுமாறுகிறது, எக்ஸ்பாண்டர் பேச்சை நிறுத்துகிறது, மணி அடிக்கிறது. திருடன் வரவில்லை, கம்பி காலை வாரிவிட்டது. "கரண்ட் போனால் தானாக அடிக்கிறது" என்ற குறைக்கு இதுவே விளக்கம்.

இதே கணக்கை வேறு கம்பிகளுக்குப் போட்டுப் பார்த்தால் வித்தியாசம் விளங்கும். 60 மீட்டர் வழி, 0.23 ஆம்பியர் என்பதே எல்லாவற்றுக்கும் அளவு. பேட்டரி 10.8 வோல்ட்டில் இருக்கும்போது கிட்டங்கியில் மிஞ்சுவது:

7/0.2 கம்பி, செம்பு பூசிய அலுமினியம்: இழப்பு சுமார் 3.4 வோல்ட், மிஞ்சுவது 7.4.
7/0.2 கம்பி, முழுச் செம்பு: இழப்பு 2.2, மிஞ்சுவது 8.6.
கேட் 5இ கேபிளில் பிளஸ்ஸுக்கு ஒரு ஜோடி, மைனஸுக்கு ஒரு ஜோடி: இழப்பு 1.3, மிஞ்சுவது 9.5.
7/0.2 முழுச் செம்பில் இரண்டிரண்டு கம்பி சேர்த்தால்: இழப்பு 1.1, மிஞ்சுவது 9.7.
0.75 சதுர மி.மீ. செம்பு: இழப்பு 0.7, மிஞ்சுவது 10.1.

ஆறு கம்பி உள்ள கேபிளில் நாலை மட்டும் பயன்படுத்தி இரண்டைச் சும்மா விடுவது வழக்கம். அந்த இரண்டில் ஒன்றைப் பிளஸ்ஸோடும் ஒன்றை மைனஸோடும் சேர்த்தால் இழப்பு பாதியாகிவிடும். காலணா செலவில்லாத வைத்தியம் இது. 20 மீட்டருக்குள் உள்ள வீட்டு எக்ஸ்பாண்டருக்கு இந்தக் கவலையெல்லாம் அதிகம் இல்லை. தூரமும் சுமையும் கூடும்போதுதான் கணக்கு அவசியம்.

தூரம் 100 மீட்டரைத் தாண்டி, சென்சார்களும் அதிகம் என்றால், கம்பியை மேலும் மேலும் கனமாக்குவதைவிட எக்ஸ்பாண்டர் பக்கத்திலேயே பேட்டரியோடு கூடிய தனி பவர் சப்ளை வைப்பது மேல். அப்போது இரண்டு விதிகளை மறக்கக் கூடாது. பேனலின் பிளஸ்ஸையும் புதிய பவர் சப்ளையின் பிளஸ்ஸையும் ஒன்றோடொன்று இணைக்கக் கூடாது. ஆனால் இரண்டின் மைனஸும் கட்டாயம் இணைந்திருக்க வேண்டும். மைனஸ் பொதுவாக இல்லாவிட்டால் தகவல் கம்பிக்கு அளவுகோலே இல்லாமல் போகும். இரண்டு கடைக்காரர்கள் வேறு வேறு தராசில் நிறுத்துக்கொண்டு கணக்கு ஒத்துப்போகவில்லை என்று சண்டை போடுவதற்குச் சமம் அது.

இரண்டாம் பரீட்சை: முறுக்கு

தகவல் கம்பி இரண்டுக்கும் பல பேனல்களில் ஏ, பி என்று பெயர் இருக்கும். இவை ஆர்.எஸ். 485 என்ற முறையில் பேசுபவை. அமெரிக்க மின்னணுத் தொழில் சங்கம் 1983இல் வகுத்த தரம் இது. ஆலைகளிலும் பெரிய கட்டடங்களிலும் இன்றுவரை புழங்குகிறது.

இதன் சூட்சுமம் எளிது. ஒரு செய்தியை ஏ கம்பியில் நேராகவும், பி கம்பியில் தலைகீழாகவும் அனுப்புகிறது. வாங்கும் பக்கம் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் பார்க்கிறது. வழியில் மோட்டார், லிப்ட், குளிர்சாதனம் போன்றவற்றின் இரைச்சல் கம்பியில் ஏறினால், அது ஏ, பி இரண்டிலும் சமமாக ஏறும். வித்தியாசத்தைக் கழித்துப் பார்க்கும்போது இரைச்சல் அடிபட்டுப் போகும். அனுப்பும் பக்கம் குறைந்தது 1.5 வோல்ட் வித்தியாசம் கொடுக்க வேண்டும். வாங்கும் பக்கம் 0.2 வோல்ட் வித்தியாசம் வந்தாலே புரிந்துகொள்ள வேண்டும் என்பது தரம். அதனால்தான் குறைந்த வேகத்தில் 1200 மீட்டர் வரைகூட இது போகும் என்கிறார்கள்.

ஆனால் இரைச்சல் இரண்டிலும் சமமாக ஏற வேண்டுமே! அதற்குத்தான் இரண்டு கம்பியையும் ஒன்றோடொன்று முறுக்குகிறார்கள். முறுக்கிய ஜோடியில் இரண்டும் மாறி மாறி ஒரே இடத்தில் நிற்பதால் பாதிப்பு சமமாகிறது. முறுக்கு இல்லாத கம்பியில் ஒன்று இரைச்சலுக்கு அருகிலும் மற்றொன்று தள்ளியும் இருந்துவிடும்.

இங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. கேட் 5இ கேபிளில் நாலு ஜோடி உண்டு: நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு, ஒவ்வொன்றுக்கும் வெள்ளைக் கோடிட்ட துணை. வேலை செய்பவர் நிறம் அழகாக இருக்கிறது என்று ஏ கம்பிக்கு நீலத்தையும், பி கம்பிக்கு ஆரஞ்சையும் எடுத்துவிடுகிறார். இவை வேறு வேறு ஜோடி. முறுக்குக் கேபிளை வாங்கி முறுக்கின் பயனை இழந்தாயிற்று. சரியான முறை இது:

ஏ – நீலம். பி – நீலத்தின் வெள்ளைத் துணை.
பிளஸ் – பழுப்பும் அதன் துணையும் சேர்த்து.
மைனஸ் – பச்சையும் அதன் துணையும் சேர்த்து.
ஆரஞ்சு ஜோடி – உபரி.

எந்த நிறத்தை எதற்கு எடுத்தீர்கள் என்பது முக்கியமல்ல. ஏ, பி இரண்டும் ஒரே ஜோடியாக இருப்பதும், எல்லா இடத்திலும் ஒரே முறையைப் பின்பற்றுவதும்தான் முக்கியம்.

எல்லாப் பேனலும் ஒரே முறையல்ல

இன்னொன்றையும் அறிந்துகொள்ள வேண்டும். நாலு கம்பி என்றாலே ஆர்.எஸ். 485 என்று நினைத்துவிடக் கூடாது. உதாரணமாக டி.எஸ்.சி. நிறுவனத்தின் பவர் சீரிஸ் பேனல்களில் சிவப்பு, கறுப்பு, மஞ்சள், பச்சை என்று நாலு முனை இருக்கும். அதில் மஞ்சள் தாளம் போடுகிறது, பச்சை தகவல் சொல்கிறது. இவை ஏ, பி அல்ல. அதற்கு 22 கேஜ் கம்பியாவது வேண்டும், பேனலிலிருந்து எந்தச் சாதனமும் 305 மீட்டருக்கு மேல் போகக் கூடாது என்பது தயாரிப்பாளரின் விதி. கேட் 5இ கம்பி 24 கேஜ். எண் கூடக் கூடக் கம்பி மெலியும் என்பது நம் கடைக்காரர்களுக்குத் தெரிந்ததுதான். ஆகவே 24 கேஜ் அந்த விதிக்குக் குறைவு.

கேஜிலும் ஒரு குழப்பம் உண்டு. அமெரிக்க கேஜ் 22 என்றால் 0.64 மி.மீ. விட்டம். நம் ஊரில் பழகிய பிரிட்டிஷ் கேஜ் 22 என்றால் 0.71 மி.மீ. வாங்கும்போது கேஜ் எண்ணை மட்டும் கேட்காமல், மில்லி மீட்டரில் விட்டம் அல்லது சதுர மில்லி மீட்டரில் பரப்பு எவ்வளவு என்று கேட்பதே வம்பில்லாத வழி.

இணைக்கும் முறை

1. சங்கிலியாகப் போங்கள். பேனலிலிருந்து முதல் எக்ஸ்பாண்டர், அதிலிருந்து இரண்டாவது, அதிலிருந்து கீபேட் என்று ஒரே வரிசையாகப் போவதே ஆர்.எஸ். 485 முறைக்கு ஏற்றது. பேனலிலிருந்து நாலு திசைக்கும் நாலு நீளக் கிளை பிரிப்பது நல்லதல்ல. கிளையின் முனையில் மோதித் திரும்பும் அலை, புதிதாக வரும் செய்தியைக் கலக்கும். வீட்டுக்குள் சில மீட்டர் கிளை பெரும்பாலும் தொல்லை தராது. ஒரு அறைக்குள் போய்த்தான் ஆக வேண்டும் என்றால், ஒரு ஜோடியில் போய், உபரி ஜோடியில் திரும்பி வந்து சங்கிலியைத் தொடரலாம். ஆரஞ்சு ஜோடியை உபரியாக வைக்கச் சொன்னது இதற்குத்தான்.

2. முனைத் தடை. நீளமான வரிசையில் இரண்டு கடைசி முனைகளிலும் ஏ, பி இரண்டுக்கும் குறுக்கே ஒரு தடை போட வேண்டும். ஆர்.எஸ். 485க்குப் பொதுவான அளவு 120 ஓம். சில தயாரிப்பாளர்கள் வேறு அளவு சொல்வார்கள். சிலவற்றில் பெட்டிக்குள்ளேயே சிறு ஜம்பர் இருக்கும். காகிதத்தில் சொன்னபடிதான் செய்ய வேண்டும். நடுவில் உள்ள பெட்டிகளில் போடக் கூடாது. முன்பு சொன்ன தாளமும் தகவலும் உள்ள வகைக்கு இந்த 120 ஓம் பொருந்தாது.

3. முகவரி. ஒவ்வொரு எக்ஸ்பாண்டருக்கும் ஒரு எண் உண்டு. சிறு சுவிட்சுகளால் வைப்பார்கள். இரண்டு பெட்டிக்கு ஒரே எண் வைத்தால் இரண்டும் ஒரே நேரத்தில் பேசும், ஒன்றும் விளங்காது. கம்பியில் குற்றம் தேடுவதற்கு முன் இதைப் பாருங்கள்.

4. 230 வோல்ட் கம்பியோடு சேர்க்காதீர்கள். ஒரே பைப்பில் மின்சாரக் கம்பியையும் அலாரம் கம்பியையும் போடுவது ஆபத்தும்கூட. தனிப் பைப்பில், இயன்றவரை ஓர் அடி தள்ளிக் கொண்டுபோங்கள். குறுக்கிட நேர்ந்தால் நேர்க்கோணத்தில் கடக்கட்டும்.

5. மேலுறைக் கம்பி. அலுமினியத் தாள் உறை போட்ட கேபிள் வாங்கினால், அந்த உறையின் எர்த்தை ஒரு பக்கம் மட்டும், பேனல் பக்கத்தில், இணைக்க வேண்டும். இரு பக்கமும் இணைத்தால் உறையிலேயே மின்சாரம் சுற்றி இரைச்சலைக் கூட்டும். உறையைச் சங்கிலியின் ஒவ்வொரு பெட்டியிலும் தொடர்ச்சியாக இணைத்துச் செல்ல வேண்டும்.

6. ஒட்டு. கம்பியை முறுக்கி டேப் சுற்றுவது இங்கே செல்லாது. ஈரக்காற்றில் சில மாதங்களில் பச்சை பிடித்துவிடும். ஒட்டு தேவைப்பட்டால் மூடியுள்ள பெட்டிக்குள் திருகு முனையில் அல்லது ஈயப்பற்று வைத்து இணைக்க வேண்டும். திருகின் கீழே போகும் பல இழைக் கம்பிக்கு ஈயம் வைக்காதீர்கள். ஈயம் நாளடைவில் நசுங்கித் திருகு தளரும். சிறு குழாய் லக் போடுவதே சரி.

7. எலி. தானியம், வெல்லம், எண்ணெய் வைத்திருக்கும் கிட்டங்கியில் கம்பிக்கு முதல் எதிரி எலிதான். திறந்த கம்பியைப் பரணில் விட்டுவைக்காதீர்கள். தரைக்கு அருகில் கெட்டியான பைப்போ, முடிந்தால் இரும்புப் பைப்போ போடுங்கள். பைப்பின் வாயை அடையுங்கள்.

8. தெருவைக் கடக்கும் கம்பி. இரண்டு கட்டடங்களுக்கு நடுவே கம்பியை ஆகாயத்தில் தொங்கவிடுவது இடிக்கு அழைப்பு வைப்பது போல. பக்கத்தில் இடி விழுந்தாலே இரு கட்டடத்தின் எர்த்துக்கும் நடுவே பெரும் வோல்ட் எழும்; பேனலும் எக்ஸ்பாண்டரும் சேர்ந்து கருகலாம். பைப்பில் பூமிக்கடியில் கொண்டுபோய், இரு முனையிலும் சர்ஜ் தடுப்பும், நடுவே மின்தொடர்பைத் துண்டித்துத் தகவலை மட்டும் கடத்தும் ஐசொலேட்டரும் வைப்பது பாதுகாப்பு. ஐசொலேட்டர் வைத்தால் அந்தப் பக்கத்துக்குத் தனிப் பவர் சப்ளை அவசியம். இங்கு மட்டும் மைனஸையும் சேர்க்கக் கூடாது, அந்தச் சாதனத்தின் விதியே விதி.

வேலை முடிந்ததும் வாங்கவேண்டிய பரீட்சை

பொருத்தியவர் கிளம்பும் முன் இந்த ஐந்தையும் உங்கள் முன்னால் செய்யச் சொல்லுங்கள். மீட்டர் அவரிடமே இருக்கும்.

ஒன்று: பேனலுக்கு வரும் கரண்டை நிறுத்தி, பேட்டரியில் ஓடவிட வேண்டும். எல்லாச் சென்சாரும் கீபேடும் விளக்கெரிய, சைரனும் அடிக்கும்போது, கடைசி எக்ஸ்பாண்டரின் முனையில் எவ்வளவு வோல்ட் என்று பார்க்க வேண்டும். பேட்டரி முனையில் உள்ளதற்கும் இதற்கும் வித்தியாசம் 1 வோல்ட்டுக்குள் இருந்தால் நிம்மதி. 1.5க்கு மேல் என்றால் கம்பியைச் சேர்க்கவோ மாற்றவோ வேண்டும்.

இரண்டு: அந்த நிலையில் அரை மணி நேரமாவது விட்டுப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடச் சோதனை போதாது.

மூன்று: கிட்டங்கியில் மோட்டாரையும் விளக்குகளையும் பலமுறை போட்டு அணைக்க வேண்டும். பேனலில் குற்றம் பதிவாகிறதா என்று பார்க்க வேண்டும்.

நான்கு: எக்ஸ்பாண்டரின் தகவல் கம்பி ஒன்றைக் கழற்ற வேண்டும். பேனல் உடனே குற்றம் காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால் திருடன் கம்பியை அறுத்தாலும் காட்டாது.

ஐந்து: எந்த நிறம் எதற்கு, கம்பி எந்த வழியாகப் போகிறது, எங்கே ஒட்டு என்று ஒரு தாளில் வரைந்து, ஒரு பிரதி பேனல் பெட்டிக்குள்ளும் ஒரு பிரதி உங்கள் கைவசமும் இருக்கட்டும். அடுத்த முறை வேறு ஆள் வந்தாலும் சுவரை உடைக்க வேண்டியிராது.

விற்பவர்களுக்கு ஒரு வார்த்தை

மின் சாமான் வியாபாரம் செய்யும் நம் சகோதரர்களுக்கு இது. சந்தையில் செம்பு பூசிய அலுமினியக் கம்பி தாராளமாக வருகிறது. பார்வைக்கு அசல் செம்புபோலவே இருக்கும். விலை குறைவு, எடையும் குறைவு. செம்பின் அடர்த்தி 8.9, அலுமினியத்துக்கு 2.7தான். தடையோ செம்பைவிட ஒன்றரை மடங்குக்கு மேல். வளைத்தால் சீக்கிரம் ஒடியும். கேட் 5இ, கேட் 6 தரங்கள் அலுமினியக் கம்பியை ஏற்பதில்லை. பெட்டியில் என்ன அச்சிட்டிருந்தாலும் அதுவே உண்மை.

கண்டுபிடிக்கும் வழிகள் எளிது. பிளேடால் கம்பியைச் சுரண்டுங்கள். உள்ளும் சிவப்பு என்றால் செம்பு. மேலே சிவப்பு, உள்ளே வெள்ளை என்றால் அலுமினியம். மேலே வெள்ளை, உள்ளே சிவப்பு என்றால் ஈயம் பூசிய செம்பு. அது நல்ல சரக்கு, பயப்பட வேண்டாம். இன்னும் உறுதியாகப் பார்க்க வேண்டுமானால், 100 மீட்டர் கேட் 5இ கேபிளின் ஒரு முனையில் ஒரு ஜோடியைச் சேர்த்துவிட்டு, மறுமுனையில் மீட்டரால் அளந்து பாருங்கள். நல்ல செம்பு என்றால் 19 ஓம் அளவில், வெயில் நாளில் 20 ஓம் அளவில் காட்டும். 28, 30 என்று காட்டினால் அது செம்பல்ல.

அலுமினியக் கம்பியை விற்கவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. அலுமினியம் என்று சொல்லி, பில்லிலும் அப்படியே எழுதி விற்கலாம். குறுகிய தூரத்துக்கு, சுமை இல்லாத வேலைக்கு, தெரிந்தே வாங்குகிறவர் வாங்கட்டும். ஆனால் "அசல் செம்பு" என்று வாயால் சொல்லி விற்பது வேறு விஷயம். 2020 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பொருளால் விளைந்த கேட்டுக்கு விற்பனையாளரின் பொறுப்பு தனியாக வகுக்கப்பட்டிருக்கிறது. தயாரிப்பாளர் கொடுக்காத உத்தரவாதத்தை விற்பவர் தாமாகவே கொடுத்து, பொருள் அப்படி இல்லாமல்போய்க் கேடு விளைந்தால் அந்தப் பொறுப்பு அவரைச் சேரும். ஒரு சுருள் கம்பியில் கிடைக்கும் சில நூறு ரூபாய்க்காக அந்தப் பாரத்தைத் தலையில் ஏற்ற வேண்டியதில்லை. சட்டத்தை விடுங்கள். அந்தக் கம்பி ஒருவேளை நமக்குத் தெரிந்த இன்னொரு வணிகரின் கிட்டங்கிக்குத்தான் போகும்.

சுருக்கமாக

வாங்கும் முன் தூரத்தை அளந்து, சுமையைக் கூட்டிக் கணக்குப் போடுங்கள். போகவர இரு மடங்கு நீளம் என்பதை மறவாதீர்கள். முழுச் செம்பு, முறுக்கிய ஜோடி, மில்லி மீட்டரில் அளவு – இம்மூன்றையும் பில்லில் எழுதி வாங்குங்கள். ஏ, பி ஒரே ஜோடியில் போகட்டும். கரண்டை நிறுத்திச் சோதித்த பிறகே மீதிப் பணத்தைக் கொடுங்கள்.

ஏற்கனவே மணி பொருத்தியிருப்பவர்கள் இந்த வார விடுமுறை நாளில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, பேனலின் கரண்டை நிறுத்திக் கிட்டங்கியில் வோல்ட் எவ்வளவு வருகிறது என்று பார்த்துவிடுங்கள். குறை இருந்தால் பகலிலேயே தெரிந்துவிடும். சரிசெய்துவிட்டால் அன்று இரவு முதல் மணியைத் தைரியமாகப் போட்டுவிட்டுத் தூங்கலாம்.